எழுதுவது ஒரு தடவை... திறப்பது எல்லா கம்ப்யூட்டரிலும்! 'விண்டோ' உருவாவது எப்படி?

வில்லியனூர்,

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளில் பால் சங்கம், டி.டி.பி. சென்டர், உரக்கடை, அரிசி மண்டி என்று எங்கே போனாலும் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதில் 8 வருஷம், 10 வருஷம் ஓடிய பழைய பெட்டிகளும் ஏராளம்.

அந்த பழைய பெட்டிகளுக்குத்தான் இப்போது சோதனை. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியுடன் நிறுத்தி விட்டது. தனியாக பதிவு செய்து கொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், புதிய ரக பிராசசரும் வேண்டும். பழைய பெட்டி பலதும் இந்த பரீட்சையில் பெயில்.

மிச்சம் இருப்பது 2 வழி. ஒன்று, புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். இன்னொன்று, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். லினக்ஸ் போட்டால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் விண்டோசுக்கு என்றே எழுதி வாங்கிய பில் போடும் புரோகிராம் அதில் நேரடியாக திறக்காது. 5 வருஷ கணக்கும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

இந்த தலைவலி வராமல், விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் மேக் என எதிலும் திறக்கிற மாதிரி புரோகிராம் எழுத முடியும். அதுவும் பிளஸ்-2 கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பையனோ பொண்ணோ காசு செலவில்லாமல் செய்யலாம். அதுபற்றிய விவரம் வருமாறு:-

விண்டோ வேறு... விண்டோஸ் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக்கொள்வோம். 'விண்டோஸ்' என்பது மைக்ரோசாப்ட் கம்பெனி விற்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர். 'விண்டோ' என்பது திரையில் திறக்கும் கட்டம். மேலே தலைப்பு பட்டை, மூலையில் மூடுவதற்கு பெருக்கல் குறி, நடுவில் பட்டன், எழுதும் கட்டம் எல்லாம் இருக்கிறதே, அதுதான் விண்டோ. லினக்சிலும் விண்டோ உண்டு, மேக்கிலும் உண்டு.

இந்த விண்டோவை திரையில் வரைவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. புரோகிராம் அதனிடம் போய் 'எனக்கு இத்தனை அகலம், இத்தனை உயரத்தில் ஒரு விண்டோ கொடு' என்று கேட்க வேண்டும். கேட்கும் பாஷைதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. விண்டோசிடம் கேட்டது போல லினக்சிடம் கேட்டால் அதற்கு புரியாது.

புதுவை மாநிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரி, காரைக்காலில் தமிழ். மாகேயில் மலையாளம். ஏனாமில் தெலுங்கு. ஒரே அரசு உத்தரவை 4 பகுதி மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றால் 3 பாஷையும் தெரிந்த ஆள் ஒருவர் நடுவில் வேண்டும்.

கம்ப்யூட்டரில் அந்த நடு ஆள் வேலையை செய்வதுதான் 'கிராஸ் பிளாட்பார்ம் லைப்ரரி'. லைப்ரரி என்றால் புத்தக சாலை அல்ல. ஏற்கனவே எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளின் தொகுப்பு. புரோகிராம் எழுதுபவர் லைப்ரரியிடம் மட்டும் பேசினால் போதும். விண்டோசிடம் விண்டோஸ் பாஷையிலும், லினக்சிடம் லினக்ஸ் பாஷையிலும் அது பேசிக்கொள்ளும்.

வி.எல்.சி. பிளேயர் ரகசியம்

'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று கேட்பவர்கள் கல்யாண வீடியோ கடையில் போய் பார்க்கலாம். ஆரஞ்சு நிற கூம்பு படம் போட்ட வி.எல்.சி. பிளேயர் அங்கே கட்டாயம் இருக்கும். 1996-ல் பிரான்ஸ் நாட்டில் என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் இருந்து வளர்ந்தது அது. விண்டோசிலும் லினக்சிலும் அதன் விண்டோ ஒரே மாதிரி திறக்க காரணம், 'கியூட்' என்ற லைப்ரரி.

இந்த கியூட்டை நார்வே நாட்டை சேர்ந்த ஹாவர்ட் நோர்ட், எய்ரிக் சாம்பே-எங் என்ற 2 பேர் உருவாக்கி 1995-ல் வெளியிட்டனர்.

இதுபோல வேறு சில லைப்ரரிகளும் உண்டு. போட்டோ சரிசெய்யும் 'கிம்ப்' புரோகிராமுக்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கியது 'ஜி.டி.கே.'. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜூலியன் ஸ்மார்ட் என்பவர் 1992-ல் தொடங்கியது 'டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ்'. அதே பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது 'டிகே'. இது முதலில் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் இருந்தது. பிறகு விண்டோஸ், மேக்குக்கும் வந்து விட்டது.

எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான், முறை கொஞ்சம் மாறும். டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ், அந்தந்த சிஸ்டத்தில் இருக்கும் பட்டனையே எடுத்து மாட்டும். போன ஊர் கடையில் கதவு வாங்கி வீட்டில் மாட்டுவது போல. கியூட்டும் ஜி.டி.கே.யும் பெரும்பாலும் பட்டனை தாங்களே வரையும். ஊருக்கு ஊர் தச்சரையும் கூடவே அழைத்துப்போவது போல.

பள்ளியிலேயே பார்த்த விண்டோதான்!

புதுவை பகுதி அரசு பள்ளிகள் முன்பு தமிழக பாடத்திட்டத்தில் இருந்து, பிறகு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. தமிழக பாடத்திட்டத்தில் பிளஸ்-2 கம்ப்யூட்டர் சயின்சுக்கு 2019-ல் வந்த புது புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யிலும் பைத்தான்தான்.

பைத்தானை கம்ப்யூட்டரில் ஏற்றினால் கூடவே 'ஐடில்' என்ற விண்டோ வரும். மாணவர்கள் லேபில் புரோகிராம் அடித்து பழகியது அதில்தான். அந்த ஐடில் விண்டோவே டிகே லைப்ரரியில் செய்யப்பட்டது. பைத்தானில் இருந்து டிகேயை கூப்பிடும் பகுதிக்கு 'டிகின்டர்' என்று பெயர். விண்டோசில் பைத்தான் போட்டால் டிகின்டரும் சேர்ந்தே வந்து விடும். உபுண்டு லினக்சில் மட்டும் 'பைத்தான்3-டிகே' என்ற பேக்கேஜை தனியாக போட வேண்டும். அதற்கும் காசு கிடையாது.

ஆக, விண்டோ செய்ய தேவையான சாமான் எல்லாம் லேப் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது. திறந்து பார்க்காததுதான் பாக்கி.

7 படியில் ஒரு பால் கணக்கு

ஒரு பால் சங்கத்துக்கு சின்ன விண்டோ ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் நம்பர், எத்தனை லிட்டர் என்று 2 கட்டம். 'சேர்' என்று ஒரு பட்டன். அவ்வளவுதான்.

1. முதல் வரியில் டிகின்டர் லைப்ரரியை அழைக்க வேண்டும். அழைக்காமல் அது வராது.

2. அடுத்த வரியில் முக்கிய விண்டோவை உருவாக்க வேண்டும். ஒரு புரோகிராமுக்கு இது ஒன்றுதான். மற்ற எல்லாம் இதற்குள் அடங்கும்.

3. விண்டோவுக்கு தலைப்பு கொடுக்க வேண்டும். 'பால் வரவு' என்று தமிழிலேயே கொடுக்கலாம்.

4. உள்ளே வைக்கும் சாமான்களை செய்ய வேண்டும். எழுத்து காட்டுவது 'லேபிள்'. அடித்து நிரப்புவது 'என்ட்ரி'. அமுக்குவது 'பட்டன்'.

5. அவற்றை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டும். இதை மறந்தால் பட்டன் தயாராகி இருக்கும், திரையில் மட்டும் வராது. புதிதாக எழுதும் பலரும் தலையை பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

6. பட்டனை அமுக்கினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று முடிச்சு போட வேண்டும். நம்பரையும் லிட்டரையும் எடுத்து கணக்கில் எழுதும் பகுதியின் பெயரை பட்டனிடம் கொடுத்து விட வேண்டும்.

7. கடைசி வரி 'மெயின்லூப்'. இது இல்லாவிட்டால் புரோகிராமை தனியாக ஓட்டும்போது விண்டோ கண் இமைக்கும் நேரத்தில் வந்து மறைந்து விடும், அல்லது வரவே வராது.

எல்லாம் சேர்த்து 15 வரிக்குள் முடிந்து விடும். கியூட்டில் எழுதினாலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். அங்கே விண்டோவை 'காட்டு' என்று தனியாக ஒரு வரி சொல்ல வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

டீக்கடை மாஸ்டர் மாதிரி...

அந்த கடைசி வரி என்ன செய்கிறது என்று தெரிந்து கொண்டால் பாதி வித்தை கைக்கு வந்து விடும்.

சாதாரண புரோகிராம் மேலிருந்து கீழே ஓடி முடிந்து விடும். விண்டோ புரோகிராம் அப்படி அல்ல. அது டீக்கடை மாஸ்டர் மாதிரி. அடுப்பை பற்ற வைத்து, கிளாசை அடுக்கி, பாலை காய்ச்சி விட்டு நிற்பார். யாராவது வந்து 'மாஸ்டர், சர்க்கரை கம்மியா ஒரு டீ' என்றால் போடுவார். போட்டு கொடுத்து விட்டு மறுபடி நிற்பார்.

மெயின்லூப்பும் அப்படித்தான் காத்து நிற்கிறது. மவுசை அமுக்கினார்களா, கீ போர்டில் எழுத்து அடித்தார்களா, விண்டோவை இழுத்தார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது நடந்தால் அதற்கான வேலையை செய்து விட்டு திரும்ப காத்திருக்கும்.

இப்போது மாஸ்டர், 'பால் தீர்ந்து போச்சு, வாங்கிட்டு வரேன்' என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விட்டால்? கடை திறந்துதான் இருக்கும். யார் கேட்டாலும் பதில் வராது.

பில் கட்டும் கவுண்டரில் 'சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு' என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பாலும் இந்த கதைதான். பட்டனை அமுக்கியதும் புரோகிராம் இன்டர்நெட்டில் எங்கோ தகவல் அனுப்ப போய் விடுகிறது. நெட் ஸ்லோ. அது திரும்பி வரும் வரை விண்டோ வெள்ளையாகி நிற்கும். ஆத்திரத்தில் 10 தடவை அமுக்கினால் அந்த 10-ம் வரிசையில் சேர்ந்து, பிறகு ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும். ஒரே கணக்கு 2 தடவை ஏறுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இதற்கு பரிகாரம் உண்டு. நேரம் பிடிக்கும் வேலையை 'திரெட்' என்ற தனி ஆளிடம் கொடுத்து அனுப்பி விட்டு, மாஸ்டர் கல்லாவிலேயே நிற்க வேண்டும். வேலை முடியும் வரை 'சேர்' பட்டனை அமுக்க முடியாதபடி மங்க வைத்து விட வேண்டும். வரிசையில் நிற்பவருக்கு 'அனுப்பிக்கொண்டு இருக்கிறது' என்று ஒரு வரி காட்டினால் இன்னும் நல்லது.

தமிழ் எழுத்துக்கு தனி கவனம்

ஊர் ஜனம் பார்க்கும் விண்டோ தமிழில் இருந்தால்தான் பயன். வில்லியனூருக்கு இது புது செய்தி அல்ல.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் வில்லியனூரை மையமாக வைத்து கிராம தகவல் மையங்களை தொடங்கியது. செல்போன் கிராமத்துக்கு வராத காலம் அது. வயர்லெஸ் மூலம் ஊர்களை இணைத்தார்கள். கரண்ட் போனால் சமாளிக்க சூரிய சக்தி. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது உள்ளூர் ஆட்கள், அதில் பெண்கள் பலர். விலை நிலவரம், அரசு உதவி திட்டம், ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் தமிழில் கொடுத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை விவரத்தை இன்டர்நெட்டில் எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தகவல் எங்கிருந்து வந்தாலும் கடைசியில் ஊர் பாஷையில் போய் சேர்ந்ததால்தான் ஜனம் அந்த மையங்களை தேடி வந்தது.

இன்று விண்டோவில் தமிழ் கொண்டு வர 3 விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, யூனிகோடில் அடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோழி கிறுக்கல் ஆகி விடும். யூனிகோடில் அடித்தால் எங்கேயும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

இரண்டாவது, கொம்பு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். இதை சரியாக உட்கார வைக்க 'ஹார்ப்பஸ்' என்ற தனி லைப்ரரி உண்டு. கியூட், ஜி.டி.கே. இரண்டும் அதை பயன்படுத்துகின்றன. லினக்சில் டிகேயின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி விழும் குறை உண்டு. எனவே பழகுவதற்கு டிகின்டர் போதும். லினக்சில் தமிழ் விண்டோவை தினசரி வேலைக்கு கொடுப்பதாக இருந்தால் கியூட் அல்லது ஜி.டி.கே.வுக்கு போவது நல்லது.

மூன்றாவது, இடம். ஆங்கிலத்தில் 'சேவ்' என்பது 4 எழுத்து. தமிழில் 'பதிவு செய்' என்றால் அகலம் கூடும். பட்டன் இத்தனை புள்ளி அகலம் என்று ஆணி அடித்தது போல சொல்லி விட்டால் 'பதிவு செ' என்று பாதியில் வெட்டும். பந்தியில் இலை போடுவது போல, வரிசை எது, பத்தி எது என்று மட்டும் சொல்லி விட்டால் போதும். அகலத்தை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் எழுத்து அளவு மாறினாலும் விண்டோ கலையாது.

கவிழ்க்கும் சின்ன விஷயங்கள்

'எழுதுவது ஒரு தடவை' என்றாலும், சில இடங்களில் உஷாராக இருக்க வேண்டும்.

விண்டோசில் 'சி டிரைவ், டி டிரைவ்' என்று பைல் இருக்கும் இடத்தை சொல்வார்கள். லினக்சில் டிரைவ் எழுத்து கிடையாது. புரோகிராமுக்குள் 'டி டிரைவில் எழுது' என்று போட்டு விட்டால் லினக்சில் படுத்து விடும். புரோகிராம் இருக்கும் போல்டரிலேயே கணக்கை வைப்பது பாதுகாப்பு.

விண்டோசில் ஆங்கில பைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் 'அப்படி ஒரு பைல் இல்லை' என்று கையை விரிக்கும்.

பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓட வைக்க 'பை இன்ஸ்டாலர்' மூலம் ஒரே பைலாக கட்டி கொடுக்கலாம். ஆனால் விண்டோசுக்கான பைலை விண்டோசிலும், லினக்சுக்கானதை லினக்சிலும் உட்கார்ந்துதான் கட்ட வேண்டும். எழுதியது ஒன்றே, கட்டுவது மட்டும் தனித்தனி.

கணக்கை சேர்த்து வைக்க 'எஸ்.க்யூ. லைட்' போதும். பைத்தானுடனேயே வருகிறது. எத்தனை வருஷ கணக்கானாலும் ஒரே பைல். பெட்டி போனாலும் அந்த பைல் பென் டிரைவில் இருந்தால் இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து விடலாம்.

ஒரு பைசாவும் போகக்கூடாது

விண்டோ அழகாக திறப்பதாலேயே கணக்கு சரியாகி விடாது. இதை பால் ஊற்றும் ஜனத்தை நினைத்து சொல்ல வேண்டி இருக்கிறது. அவர்களுக்கு அது குடும்ப செலவு.

பைத்தானில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 435 வர வேண்டும். ஆனால் அது 434.99999999999994 என்று காட்டும். தசமத்தை கம்ப்யூட்டர் உள்ளே வைக்கும் முறையால் வரும் வினை இது. புள்ளிக்கு பின்னால் வருவதை வெட்டி விட்டால் 434. ஒரு பைசா போச்சு. தினமும் 2 வேளை, உறுப்பினர் அத்தனை பேருக்கும் வெட்டினால் மாத கடைசியில் கணக்கு உதைக்கும். பண கணக்குக்கு என்றே பைத்தானில் 'டெசிமல்' என்ற பகுதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

லிட்டர் கட்டத்தில் 4.5 என்பதற்கு பதில் 45 என்று விரல் தவறி அடித்தால் அப்படியே ஏற்றிக்கொள்ளக்கூடாது. 'ஒரு வேளைக்கு 45 லிட்டரா? சரிபார்க்கவும்' என்று இன்னொரு விண்டோ திறந்து கேட்க வேண்டும்.

'தம்பி, என் கணக்குல எவ்ளோ இருக்குன்னு பாரு' என்று பால் ஊற்றுபவர் கேட்டால், அவர் பக்கம் திரையை திருப்பி காட்டும் அளவுக்கு எழுத்து பெரிதாக, தமிழில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடித்த பிறகும் உடனே நோட்டை தூக்கி பரணில் போட வேண்டாம். ஒரு மாதத்துக்கு நோட்டிலும் எழுத வேண்டும், கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். தினமும் சாயங்காலம் இரண்டையும் ஒப்பிட்டு பார்க்க வேண்டும். 30 நாளும் பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகு நோட்டை மூடலாம்.